அண்ணனுக்குப் படம் சொன்ன நாட்கள்

ஜனவரி 17, சனி

'இரும்புக் குருவி' பார்த்தாச்சு! இந்தப் பொங்கலுக்கு வந்த படங்களில் இதுதான் முதல் இடம். யார் என்ன சொன்னாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன். ஹீரோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் கீழே நடக்கிற கடத்தல் முழுவதும் அவன் கண்ணில் பட்டுவிடுகிறது. இன்டர்வெல்லில் வில்லன் கீழே நின்று கரண்டை நிறுத்திவிடுகிறான். மேலே இருட்டில் ஹீரோ, கீழே ஒரு கும்பல். வசனம் இல்லை, பாட்டு இல்லை. கிரேன் உச்சியில் பீடி பற்றவைக்கிற வெளிச்சம் மட்டும். தியேட்டரில் காது கிழிந்தது. எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா, தன் மடியில் தூங்கிய பிள்ளையை மறந்து விசிலடித்தார்!

இரண்டாம் பாதி கொஞ்சம் இழுவை. கப்பலில் சண்டை உச்சத்தில் இருக்கும்போது வெளிநாட்டுக் கடற்கரையில் ஒரு டூயட் எதற்கு? ஆனாலும் மன்னித்துவிட்டேன்.

சூடு ஆறுவதற்குள் இதையெல்லாம் எழுதிவைக்கிறேன். நாளைக்கு அண்ணனிடம் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும்.

திரவியம் அண்ணனுக்கு டிசம்பரில் பக்கவாதம் வந்தது. முப்பத்து மூன்று வயதில். டைல்ஸ் கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு மாடல் காட்டிக்கொண்டிருந்தவன் பாதிப் பேச்சில் நின்றுவிட்டான். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் மெல்லத் தேறுகிறது. பேச்சுதான் வரவில்லை. 'தத்தா' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. தண்ணீர் கேட்டாலும் தத்தா, எரிச்சல் வந்தாலும் தத்தா.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெனிட்டா மேடம் நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவருக்கு எல்லாம் புரியுதும்மா. வார்த்தையெல்லாம் உள்ள பத்திரமா இருக்கு, வெளிய வர்ற வழிதான் அடைச்சிருக்கு. நீங்க ரெண்டு பேரும் எதைப் பத்தி அதிகமாப் பேசுவீங்க?"

"சண்டைதான் மேடம் போடுவோம். படம், சீரியல், கதைப் புஸ்தகம் எல்லாத்துக்கும்."

"அப்ப சண்டையே போடுங்க. கேள்வி கேட்டுட்டுப் பொறுமையா இருங்க. அவருக்குப் பதிலா நீங்களே பதில் சொல்லிராதீங்க."

இதைவிட நல்ல மருந்து உலகத்தில் உண்டா? கண்ணாடிக் கடை வேலை முடிந்ததும் நேராகத் தியேட்டருக்குப் போய்விட்டேன். டாக்டர் உத்தரவு!

ஜனவரி 18, ஞாயிறு

சொல்லிவிட்டேன். ஸ்டூல் மேல் ஏறி கிரேன் காட்சியை நடித்தே காட்டினேன். அண்ணன் கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டுமென்றே, "டூயட்டும் நல்லாத்தாண்ணே இருந்துச்சு" என்றேன். இடது புருவம் மேலே போனது. பழைய புருவம்!

"என்ன சொல்லுத? படம் எப்படி?"

காத்திருந்தேன். அடுப்படியில் குக்கர் சத்தம் அடங்குகிறவரை காத்திருந்தேன். அவன் உதடு என்னென்னவோ செய்தது. "தத்தா" என்றான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

புருவத்தைக் கணக்கில் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 23, வெள்ளி

'கண்ணாடி மல்லிகை' சீரியலில் மல்லிகாவுக்கு மறுபடியும் நினைவு போய்விட்டது! போன வருஷம் மாடிப்படியில் விழுந்து போனது, தீபாவளிக்கு யாரோ பாலில் எதையோ கலந்து போனது, இப்போது கோயில் மணி தலையில் விழுந்திருக்கிறது. எழுதுகிறவர்களுக்கு வேறு யோசனையே கிடையாதா?

முன்பெல்லாம் டைட்டில் பாட்டு ஆரம்பித்ததும் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவான். இப்போது கட்டிலே ஹாலில்தான் கிடக்கிறது. தப்பிக்க வழியில்லை, பாவம்.

"ஏட்டி, அந்தப் பிள்ளைக்கு மட்டும் நெனப்பு வரட்டும். மாமியாக்காரிய உண்டு இல்லன்னு ஆக்கிருவா பாத்துக்கோ" என்றாள் அம்மா.

"எம்மா, அவளுக்கு நெனப்பு வந்தா சீரியல் முடிஞ்சிரும். வரவிட மாட்டானுவ."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அப்படிச் சொல்லாத. வரும். பெருமாள் கைவிட மாட்டாரு."

ஒரு சீரியலுக்கு இவ்வளவு அழுகை அதிகம்.

ஜனவரி 29, வியாழன்

'நீலக் குடை' என்று ஒரு மாத நாவல். பஸ் ஸ்டாண்டில் வாங்கினேன், மதியத்துக்குள் முடித்துவிட்டேன். துப்பறிகிறவர் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரம்மா. கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். அருமையான ஐடியா! ஆனால் கொலைகாரன் யாரென்று பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். கதையில் தேவையில்லாமல் ஒருத்தன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அவன்தான்.

இன்று தை பதினைந்து. அண்ணன் கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறித்திருந்த நாள். ஏரலில் இருக்கிற பெண் வீட்டிலிருந்து போன் வரவில்லை. நாங்களும் பண்ணவில்லை. அம்மா பாயசம் வைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, பால் திரிந்துவிடும் போலிருந்தது என்றாள்.

அந்த ஏரல்காரி சண்முகக்கனியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். போனில் தொடர்கதை படிக்கிற ஆள். 'நெஞ்சில் ஒரு நிலுவை' மாதிரியான தலைப்புள்ள தொடர்கதைகள். அப்படிப்பட்ட ஆளோடு அண்ணன் நிச்சயத்துக்குப் பிறகு மணிக்கணக்கில் என்ன பேசினான் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

'நீலக் குடை' இரண்டாம் பாகம் வந்தால் கண்டிப்பாக வாங்குவேன்.

பிப்ரவரி 7, சனி

'மாப்பிள்ளை வீட்டு மாடி'! வயிறு வலிக்கிறது! மாமனார் தெரியாமல் மருமகனின் மொட்டைமாடிக்கே வாடகைக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறார். இருவரும் ஒரே தண்ணீர்த் தொட்டிக்குச் சண்டை போடுகிறார்கள். அவர் லுங்கியோடு தொட்டிக்குள் ஒளிகிற காட்சியை அண்ணனுக்கு நடித்துக் காட்டினேன். அண்டாவுக்குள் இறங்கி உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. நிஜமாகவே மாட்டிக்கொண்டேன்!

அண்ணன் சிரித்தான். வாய் ஒரு பக்கம் கோணினாலும் சத்தம் பழைய சத்தம்தான். அம்மா ஓடிவந்து என்னை இழுத்தாள். அவளும் சிரித்தாள்.

"படம் சூப்பரா, சுமாரா? ஒரு வார்த்த சொல்லுண்ணே."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இடது கையால் கட்டில் சட்டத்தை ஓங்கி அடித்தான். நான் அவசரப்பட்டிருக்கக் கூடாது. சிரித்ததோடு விட்டிருக்கலாம்.

பிப்ரவரி 11, புதன்

ஏரலிலிருந்து வைகுண்டம் மாமா வந்திருந்தார். கனியின் அப்பா. வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறவர். ஒரு தார் கோழிக்கூடு வாழைப்பழம் கொண்டுவந்தார். கட்டில் பக்கத்தில் நின்று, "மாப்ள, எப்படி இருக்கிய?" என்றார். அண்ணன் தலையசைத்தான். அதன்பிறகு அவர் அண்ணனைப் பார்க்கவேயில்லை. நாற்காலியை அம்மா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"தங்கச்சி, நான் மனசாட்சி இல்லாதவன் இல்ல. ஒரு வார்த்த பேசிட்டாவன்னா எனக்குப் போதும். நாளைக்கு ஒரு ஆபத்து அவசரம்னா எம் மவ யாரக் கூப்பிடுவா? பங்குனி வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல எனக்கும் வயசாவுதுல்லா."

"நாங்க என்னண்ணே சொல்ல முடியும்" என்றாள் அம்மா.

எல்லோரும் சத்தத்தைத் தாழ்த்திப் பேசினார்கள். அண்ணனுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. அவன் வாழைத்தாரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

'மாப்பிள்ளை வீட்டு மாடி'யில் மாமனாராக வருகிறவர் மிகையாக நடித்திருப்பதாகப் பல பேர் எழுதியிருக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாமனார்கள் அப்படித்தான்.

பிப்ரவரி 12, வியாழன்

மல்லிகாவுக்கு நினைவு திரும்பிவிட்டது! அம்மா டிவிக்குக் கற்பூரம் காட்டப் போனாள், நான் தடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஏரல்காரி போன் பண்ணினாள். அம்மாவுக்கு இல்லை, எனக்கு.

"மதினி, அப்பா வந்துட்டுப் போனது எனக்கு நேத்துதான் தெரியும். அவுககிட்ட கொஞ்சம் பேசணும். போனக் காதுல வைக்கியளா?"

"அவன் பேச மாட்டானே."

"அவுக பேச வேண்டாம். நான் பேசுதேன்."

ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தேன். நலம் விசாரிப்பாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நெஞ்சில் ஒரு நிலுவை, அத்தியாயம் ஒண்ணு" என்று ஆரம்பித்துவிட்டாள்! அதிர்ச்சியில் நான் துண்டை மடிக்க மறந்தேன். நாயகன் பெயர் ஆதவன், கோடீஸ்வரன், 'கற்பாறை நெஞ்சன்'. நாயகி அவன் ஆபீசில் காபி கொட்டிவிடுகிறாள். அந்த ஒரு காபிக்கு மூன்று பக்கம்.

முடித்ததும், "நாளைக்கு ஆறு மணிக்கு ரெண்டாவது அத்தியாயம். புடிக்கலன்னாலும் கேக்கணும். நான் படிக்கதையெல்லாம் அப்பமே கிண்டல் பண்ணுனிய, இப்பம் வசமா மாட்டிக்கிட்டிய" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அண்ணன் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தலையில் எண்ணெய் வைத்துவிட்டது போல் இருந்தான்.

பிப்ரவரி 21, சனி

'ஆறாம் நம்பர் லாரி' வெப் சீரிஸ் முழுவதும் ஒரே மூச்சில் பார்த்தேன். பிரமாதம்! லாரியில் போகிற பொருள் என்னவென்று கடைசிவரை சொல்லவேயில்லை, ஆனாலும் நகத்தைக் கடிக்க வைத்துவிட்டார்கள். அண்ணனுக்குச் சொல்ல உட்கார்ந்தேன். பாதியிலேயே சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தான். ஆறு மணி ஆகப்போகிறதாம்.

ஏரல்காரி படிக்கிற அந்தக் கதையில் எனக்குச் சுத்தமாக விருப்பமில்லை. ஹாலில்தான் துணி மடிக்கிறேன், அதனால் காதில் விழுகிறது. ஆதவன் அவளை வேலையைவிட்டு நீக்கியது தப்பு. அவள் திருடவில்லை. திருடியது அவனுடைய சித்தி. அதை ஏன் யாரும் யோசிக்கவில்லை?

பிப்ரவரி 27, வெள்ளி

சித்திதான்! நான் சொன்னேன் அல்லவா!

போனைப் பிடுங்கி, "கனி, சித்தின்னு எனக்கு அப்பமே தெரியும்" என்று கத்திவிட்டேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "மதினி, நீங்களும் கேக்கியளா? துணி மடிக்கதா சொன்னிய!" அண்ணன் தோள் குலுங்கச் சிரித்தான். என்னைப் பார்த்து.

ஒரு தகவலுக்காக எழுதிவைக்கிறேன்: கனி நன்றாகப் படிக்கிறாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிக்கிற குரல். ஒவ்வொரு ஆளுக்கும் தனிக் குரல். எழுத்து மட்டம்தான்.

மார்ச் 5, வியாழன்

திங்கட்கிழமையிலிருந்து போன் வரவில்லை. கனியின் போனை அணைத்துவைத்திருக்கிறார்கள். ஆறு மணிக்கு அண்ணன் போனையே பார்க்கிறான். இன்று அந்தத் தொடர்கதை ஆப்பை நானே இறக்கி, விட்ட இடத்திலிருந்து படித்தேன். குரலையெல்லாம் மாற்றிப் படித்தேன். அவன் என் கையிலிருந்து போனை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டான்.

பரவாயில்லை. எனக்கும் தொண்டை கட்டியிருந்தது.

பாட்டுப் போட்டி நிகழ்ச்சியில் அந்தக் காரைக்குடிப் பெண்ணை வெளியேற்றிவிட்டார்கள். அநியாயம். வேறு எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 7, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

மதியம் சாப்பிட்டு முடித்த நேரம். வாசலில் செருப்புச் சத்தம். கனி! பள்ளி அரை நாள் விட்டதும் பள்ளிச் சேலையோடே பஸ் ஏறி வந்திருக்கிறாள். அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்குகிறது. நெற்றியெல்லாம் வேர்வை.

"அத்தை, அப்பா போன வாங்கி வச்சுக்கிட்டாவ. அதான் நேர்ல வந்துட்டேன். தப்பா?"

"தப்பு என்னத்தா தப்பு, உக்காரு" என்று அம்மா ஃபேனைக் கூட்டி வைத்தாள்.

அண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். படுத்த பிறகு அவள் அவனைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஒரு கணம் அவள் முகம் மாறியது. நான் பார்த்தேன், அண்ணனும் பார்த்திருப்பான். உடனே நாற்காலியை இழுத்து அவன் முழங்காலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள்.

"கதை முடிஞ்சுட்டு. கிளைமாக்ஸ் சொல்லவா?"

நான் டீ போடப் போனேன். அடுப்படியிலிருந்து கேட்டது. ஆதவன் சொத்தையெல்லாம் இழந்து, நாயகி டீச்சராக இருக்கிற மலைக் கிராமத்துக்கு வருகிறான். கொட்டுகிற மழை. அவன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறான். அவள், 'என் நெஞ்சில் இருந்த நிலுவை இன்றோடு தீர்ந்தது' என்கிறாள். மின்னல் வெட்டி, பட்ட மரம் ஒன்று பூத்துவிடுகிறது.

"எப்படி? நல்லாருக்குல்லா?" என்றாள் கனி.

நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றேன். கனி அசையவில்லை, கண்ணை எடுக்கவில்லை. நானாக இருந்தால் அதற்குள் வேறு பேச்சுக்குப் போயிருப்பேன். அவள் காத்திருந்தாள். அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. உதடு ஒட்டிப் பிரிந்தது, மறுபடி ஒட்டியது.

"மொ..."

கனி நாற்காலி நுனிக்கு வந்தாள்.

"மொக்க."

கனி வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னது?"

"மொக்க!" இந்தத் தடவை கையை ஓங்கி, கோபமாக, தெளிவாக. "மொக்க! மொக்க!"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கனி அழுதாள், சிரித்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டாள்: "எது மொக்க? ஏன் மொக்க? மரம் பூக்கக் கூடாதா? உங்க ஹீரோ மட்டும் கிரேன்ல இருந்து குதிச்சா சாகாம இருப்பான், எங்க மரம் பூக்கக் கூடாதா?"

கிரேன் கதை இவளுக்கு எப்படித் தெரியும்? அம்மாதான் போனில் சொல்லியிருக்கிறாள். அவர்கள் இருவரும் அவ்வப்போது பேசிக்கொள்வது எனக்கு இன்றுதான் தெரியும்.

துணி எடுக்க மாடிக்குப் போனேன். எடுத்துவர ஒன்றும் காயப்போட்டிருக்கவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். ஜனவரியிலிருந்து எத்தனை படம், எத்தனை நாவல், அண்டாவுக்குள் வேறு இறங்கினேன். கடைசியில் அந்தப் பட்டமரத்துக்கா பேச்சு வர வேண்டும்! நான் வருத்தப்படவில்லை. நடந்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

அண்ணன் பேசிவிட்டான்! அண்ணன் பேசிவிட்டான்!

மார்ச் 9, திங்கள்

பெனிட்டா மேடத்துக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் எச்சரித்தார். "கோபத்துல, கிண்டல்ல வர்ற வார்த்தை சிலருக்கு முதல்ல வரும்மா. நினைச்சுச் சொல்ற வார்த்தை மெதுவாத்தான் வரும். மாசக்கணக்கா ஆகலாம். எல்லாமே திரும்பி வராமலும் போகலாம்."

அண்ணன் அவரிடமும் ஒரு பயிற்சி அட்டையைக் காட்டி "மொக்க" என்றான்.

மார்ச் 20, வெள்ளி

வந்த வார்த்தைகள்: மொக்க, ஆமா, போட்டி, டீ. 'போட்டி' என்பது எங்கள் ஊர்ப் 'போடி', என்னிடம் மட்டும் சொல்வது! 'தத்தா'வும் நடுவில் புகுந்துவிடுகிறது. பெயர்கள் வரவில்லை. அம்மாவை அம்மா என்று கூப்பிடவில்லை. அம்மா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, காலையில் டீ கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறாள்.

கம்பு ஊன்றித் தெருமுனைவரை நடக்கிறான். கனி சனிக்கிழமைதோறும் வருகிறாள். அவள் அப்பாவுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறார் என்கிறாள்.

புதுப் படம் எதுவும் பார்க்கவில்லை. நேரமே இல்லை!

மார்ச் 29, ஞாயிறு

வைகுண்டம் மாமா வந்தார். கனியும் கூட வந்தாள். இந்தத் தடவை மாமா நாற்காலியை அண்ணன் பக்கமே போட்டார்.

"மாப்ள, பேச்சு வருதுன்னு எம் மவ சொல்லுதா. சந்தோஷம். வைகாசியில ஒரு நாள் பாக்கட்டுமா? உங்க வாயால ஒரு வார்த்த சொல்லிருங்க. நான் மறுபேச்சு பேச மாட்டேன்."

'ஆமா' நன்றாக வருகிற வார்த்தை. நான் மனசுக்குள் தேதியே பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அண்ணன் தன் வலது கையைப் பார்த்தான். பிறகு கனியைப் பார்த்தான். ரொம்ப நேரம். அவன் இப்படிச் சிரமப்பட்டு நான் பார்த்ததில்லை.

"க... கனி," என்றான்.

இவ்வளவு நாளில் அவன் முதன்முதலாகச் சொன்ன பெயர். கனியின் முகம் மலர்ந்தது.

"கனி... வேணாம்."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் கையை வீசி வாசல் பக்கம் காட்டினான். 'நீ போ, நல்லா இரு' என்று அர்த்தம். எனக்குக் காபித் தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. மெதுவாக, நினைத்து, தேடி எடுத்து அவன் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

"எது வேணாம்?" என்றாள் கனி.

அண்ணன் வாசலையே காட்டினான்.

"கைய இறக்குங்க. நான் பேசுதேன். நீங்க மொக்கன்னு சொல்லி நான் எந்தக் கதையவாவது பாதியில நிறுத்திருக்கனா? நீங்க சூப்பர்னு சொன்னதுக்காக எந்தப் படத்துக்காவது போயிருக்கனா? உங்க பேச்ச நான் என்னைக்குக் கேட்டுருக்கேன், இன்னைக்குக் கேக்க?"

"ஏட்டி, சும்மா இரு" என்றார் மாமா.

"நீங்க இருங்கப்பா. இவுக பேசுனாலும் நான் கேக்கப் போறதில்ல, பேசாட்டியும் கேக்கப் போறதில்ல. அப்புறம் பேச்சு வந்தா என்ன, வராட்டி என்ன?" அவள் குரல் உடைந்தது. அண்ணனைப் பார்த்துத் திரும்பினாள். "பாவம் பாத்து வரேன்னு நெனைக்காதீங்க. எனக்கு உங்ககூடச் சண்ட போடணும். வேற யாருகூடயும் சண்ட போடப் புடிக்கல. அவ்வளவுதான்."

முதலில் சத்தம் வந்தது வைகுண்டம் மாமாவிடமிருந்து. இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு! தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "மாப்ள, இவ சின்னதுல இருந்தே இப்படித்தான். எங்கிட்டயே பேச்சு எடுபடாது. நீங்க ஒத்த வார்த்தைய வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறிய?"

அண்ணன் கையை இறக்கினான். அந்தக் கையாலேயே பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்தான். ஒரு கையால் இழுத்ததில் அது கோணலாக வந்து நின்றது. கனி அதில் உட்கார்ந்தாள்.

காபி ஆறிப் போயிருந்தது. சூடு பண்ணக் கொண்டுபோனேன். அண்ணனோடு சண்டை போட இந்த உலகத்தில் என்னால் மட்டும்தான் முடியும் என்று நினைத்திருந்தேன். கனி மதினி என்னைவிடக் கெட்டிக்காரி. இதை அவளிடம் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. நாலு பேரும் தியேட்டருக்குப் போய்வந்தோம்! நான், அம்மா, அண்ணன், மதினி. வைகாசியில் கல்யாணம், திருச்செந்தூரில். இருவரும் சேர்ந்து படம் பார்க்க வைகுண்டம் மாமாவே அனுமதி கொடுத்தார், நானும் அம்மாவும் நடுவில் உட்கார வேண்டும் என்ற நிபந்தனையோடு. படம் தொடங்கும்வரை அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம்.

'செந்தூள்' என்று படத்துக்குப் பெயர். செங்கல் சூளை, பழிவாங்கல். டைட்டில் அபாரம். ஹீரோ புழுதிக்குள்ளிருந்து நடந்துவருகிற காட்சிக்கு நான் விசிலடித்தேன்! சத்தமும் கூட்டமும் அண்ணனுக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விடுமோ என்று பயந்துகொண்டே போனேன். முதல் கொஞ்ச நேரம் கண்ணை மூடிமூடித் திறந்தான். மதினி இடம் மாறி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

பிறகு வில்லன் ஹீரோவைச் சூளைக்குள் அடைத்துவிட்டு, கதவைப் பூட்டாமல் போய்விட்டான். அண்ணன் நிமிர்ந்தான்.

"கதவு," என்றான்.

"ஆமா, பூட்டாமப் போறான்" என்றாள் மதினி.

"பூட்டு... ஏன்... பூட்டல?"

"பூட்டுனா படம் முடிஞ்சிரும்லா."

"மொக்க! லூசு... வில்லன்! பூட்டு!"

மூன்று நாலு வார்த்தைகளைச் சேர்த்து அவன் சொன்னதை நான் இதுவரை கேட்டதில்லை. அவனுக்கே தெரியவில்லை, திரையைக் காட்டிக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தான். பின்னால் இருந்த ஒருவர் எட்டி அவன் தோளைத் தட்டினார். "அண்ணாச்சி, கொஞ்சம் பேசாமப் படத்தப் பாருங்க."

நான் சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டேன். மதினி குனிந்து குலுங்கினாள். அண்ணன் திரும்பி அவரிடம், "கதவு! பூட்டல!" என்று விளக்க ஆரம்பித்துவிட்டான். முன் வரிசையிலிருந்தும் ஒருவர் எழுந்து திரும்பினார்.

"யாருய்யா அது, படம் ஓடும்போது நிறுத்தாமப் பேசிக்கிட்டு இருக்கது?"

அம்மா எழுந்து நின்றாள். திரை வெளிச்சம் முழுவதும் அவள் முகத்தில் விழுந்தது. தியேட்டர் முழுவதும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"எம் மவன்தான்யா பேசுதான்!"